பச்சைக் கல் போன தூரம்

பாஃபின் தீவின் தென்கரையில் நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடல்கழிகளில் ஒன்று கொரோக். கனடாவின் வட ஓரம் அது. ஆண்டில் பாதிக்கு மேல் கடலே உறைந்து கிடக்கும். அந்தக் கரையில், பழுப்பும் சாம்பலுமான பாறைகளுக்கு நடுவே பச்சைப் பாறை ஒன்று வெளியே தெரியும். ஓரிடத்தில் இளம்பச்சை, ஓரிடத்தில் பாசிப்பச்சை, சில இடங்களில் கறுப்பென்றே சொல்லிவிடலாம். செர்பென்டினைட் என்பது அதன் பெயர். மக்னீசியமும் இரும்பும் மிகுந்த ஆழ்நிலப் பாறைக்குள் நீர் புகுந்து, அதன் தாதுக்களையே மாற்றிவிட்டதால் பிறந்த கல். தென்பாஃபின் நிலத்தை மடித்து நிமிர்த்திய பெரும் மலையாக்கம் நடந்து ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

இந்தப் பாறையின் துண்டுகள் இன்று உலகத்தின் பெரிய நகரங்களில் ஒற்றைக் காலில் ஆடும் கரடியாகவும், மெல்லிய காலூன்றிய காரிபூ மானாகவும், கடலடித் தெய்வமான செட்னாவாகவும் நிற்கின்றன. அருகே வைக்கும் குறிப்பு அட்டையில் ‘பழங்குடி மரபுச் சிற்பம்’ என்று எழுதுவது வழக்கம். கல் பழையதுதான். அதைச் சிற்பமாக்கி விற்கும் தொழிலோ 1950களில் தொடங்கியது. ஒரு வேட்டைச் சமூகத்தின் பிழைப்பு உடைந்தபோது எழுந்த தொழில் அது. கல் போன வழியே நாமும் போனால், மரபு என்ற சொல்லுக்குள் எத்தனை கைகள், எத்தனை கணக்குகள் இருக்கின்றன என்பது விளங்கும்.

விளக்காக இருந்த கல்

இந்த வடகரைகளின் பழங்குடிகளான இன்யூட் மக்களுக்குக் கல் புதிதில்லை. நம் வீடுகளில் கல்சட்டி செய்யப் பயன்பட்ட மாக்கல்லைப் போன்ற மென்கல் அங்கும் உண்டு. நகம் பட்டாலே கீறல் விழும்; சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் குடைந்து பிறைவடிவில் செய்த விளக்குக்குக் குல்லிக் என்று பெயர். சீல் கொழுப்பை உருக்கி எண்ணெயாக ஊற்றி, பருத்திப்புல்லின் பஞ்சையும் பாசியையும் விளிம்பு நெடுகத் திரியாகப் பரப்பி ஏற்றுவார்கள். மரமே முளைக்காத நாட்டில் வெளிச்சமும் கணப்பும் அடுப்பும் அந்த ஒரு விளக்குதான். பனிக்கட்டியை உருக்கிக் குடிநீர் எடுப்பது, ஈரக் காலணியை உலர்த்துவது எல்லாம் அதன் மேல்தான். திரியைச் சீராக எரியவைப்பது பெண்களின் கைத்திறன்.

உருவம் செதுக்குவதும் இருந்தது. ஆனால் அதற்கு வால்ரஸ் தந்தம், காரிபூ கொம்பு, எலும்பு ஆகியவற்றைத்தான் எடுத்தார்கள். பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிறவர்கள் கல்லால் ஆன கரடியைச் சுமந்து திரிய முடியாது. தாயத்து, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள், ஈட்டியின் உறுப்புகள் என்று எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும். இன்யூட்டுக்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்களும் தந்தத்தில் சின்னஞ்சிறு கரடிகளையும் முகங்களையும் செதுக்கிவிட்டுப் போனார்கள். 1925-இல் மானிடவியலாளர் டைமண்ட் ஜென்னஸ் அவர்களுடையதைத் தனிப் பண்பாடாக அடையாளம் கண்டு, பொருள்கள் கிடைத்த ஊரின் பெயரால் டோர்செட் பண்பாடு என்றார். அந்த ஊர்தான் கேப் டோர்செட். கொரோக் கல்லைப் பிற்காலத்தில் உலகுக்கு அனுப்பிய ஊர். 2020 முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர், உள்ளூர் மக்கள் எப்போதும் சொல்லிவந்த கிங்ஙைட்.

19ஆம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்தபோது தந்தச் சிற்பம் பண்டமாற்றுப் பொருளானது. மாலுமிகள் சீட்டாட்டத்தில் புள்ளி எண்ணுவதற்கான துளைப்பலகையைக்கூட வால்ரஸ் தந்தத்தில் செய்து வாங்கினார்கள். வந்தவர் கேட்டதைச் செய்து கொடுக்கும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

நரித்தோல் வீழ்ந்தபோது

1913-இல் ஹட்சன் பே நிறுவனம் கேப் டோர்செட்டில் கடை திறந்தது. வெள்ளை நரியின் தோலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் துப்பாக்கி, தோட்டா, மாவு, தேயிலை கிடைக்கும். இன்யூட் குடும்பங்கள் மெல்ல மெல்ல நரிப்பொறியைச் சார்ந்து வாழத் தொடங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நரித்தோல் விலை சரிந்தது. தோட்டா வாங்கக் காசில்லாதவன் வேட்டைக்கும் போக முடியாது.

அந்தச் சமயத்தில்தான், 1948-இல், ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற டொரன்டோ ஓவியர் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள இனுக்ஜுவாக் ஊருக்கு விமானத்தில் போய் இறங்கினார். அங்கே கைக்குக் கிடைத்த சிறு சிற்பங்களைத் தெற்கே கொண்டுவந்து மான்ட்ரியாலின் கைவினைக் கழகத்திடம் காட்டினார். கழகம் பணம் கொடுத்து மீண்டும் அனுப்பியது. 1949 நவம்பரில் மான்ட்ரியாலில் விற்பனை தொடங்கி, மூன்று நாளில் எல்லாம் தீர்ந்துபோனது. மத்திய அரசு விழித்துக்கொண்டது. உதவித்தொகை கொடுப்பதைவிடச் செதுக்கச் சொல்வது அதற்குச் செலவு குறைந்த வழியாகத் தெரிந்தது.

1951-இல் ஹூஸ்டனின் படங்களோடு ஒரு சிறு கையேடு வடக்கே போனது. தெற்கில் என்னென்ன விலைபோகும் என்று அதில் வரைந்து காட்டியிருந்தார்கள்: தீக்குச்சி வைக்கும் கிண்ணம், துளைப்பலகை, ஏன், குலச்சின்னக் கம்பம்கூட! அந்தக் கம்பம் பசிபிக் கரைக் காடுகளில் வாழும் வேறு பழங்குடிகளுடையது. மரமற்ற வடதுருவத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கையேடு பின்னாளில் சங்கடமான நினைவாகிவிட்டது. ஆனாலும் ‘மரபு’ எப்படி உருவாக்கப்பட்டது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

இனுக்ஜுவாக் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1953-இல் அதே ஊரிலிருந்து சில குடும்பங்களை அரசு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே, முன்பின் அறியாத தீவுகளில் கொண்டுபோய்க் குடியமர்த்தியது. வேட்டை அங்கே நன்றாக இருக்கும் என்று சொல்லப்பட்டது. திரும்பி வரலாம் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 2010-இல். அந்த 1953-இல்தான் லண்டனின் கிம்பெல் ஃபிஸ் கலைக்கூடத்தில் இன்யூட் சிற்பங்களைப் பார்த்து விமர்சகர்கள் வியந்துகொண்டிருந்தார்கள். சிற்பங்கள் தெற்கே போயின, செதுக்கத் தெரிந்த ஊர்க்காரர்கள் வடக்கே அனுப்பப்பட்டார்கள்.

கல்லெடுக்கும் பருவம்

ஹூஸ்டன் 1951-இல் கேப் டோர்செட்டுக்கு வந்தார். அங்கே தந்த வேலைக்குப் பெயர்பெற்றிருந்தவர் ஒசுய்டொக் இபீலி. 1923-இல் அருகிலிருந்த வேட்டை முகாம் ஒன்றில் பிறந்தவர்; வேட்டையிலும் வழிகாட்டுவதிலும் கைதேர்ந்தவர். வடமேற்கு ஆட்சிப்பகுதியின் மன்றத்துக்காக 1955-இல் நார்வால் தந்தத்தைக் கொண்டு செங்கோல் செய்த கேப் டோர்செட் குழுவுக்கு வழிகாட்டியவரும் அவர்தான். தந்தம் வாங்க ஆள் இருந்தும் பொருள் குறைவு. வால்ரஸ் வேட்டையை நம்பி ஒரு ஊரே தொழில் செய்ய முடியாது. கை கல்லுக்கு மாறியது.

கல் கிடைப்பதோ எளிதில்லை. கடற்பனி விலகிய சில வாரங்களில் படகில் போக வேண்டும். கடப்பாரை, ஆப்பு, சம்மட்டி இவைதான் தொடக்க காலக் கருவிகள். வெடி வைத்தால் வேலை சுலபம்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் கல்லுக்குள் ஓடி, பாதி செதுக்கும்போது கரடியின் கழுத்து கையோடு வந்துவிடும். ஹட்சன் நீரிணையில் அலையேற்றமும் வற்றுதலும் மிகப் பெரியவை என்பதால், கரையில் கல்லேற்றும் நேரத்தைக் கடல்தான் தீர்மானிக்கும். குளிர்காலத்தில் சறுக்குவண்டி; முன்பு நாய்கள் இழுத்தன, இப்போது பனிமோட்டார் இழுக்கிறது. 1993-இல் கையெழுத்தான நுனாவுட் நில உடன்படிக்கையில் செதுக்குகல்லுக்கென்றே தனி விதி எழுதப்பட்டது: அரசு நிலத்திலிருந்து இன்யூட் ஒருவர் ஆண்டுக்கு 50 கன கெஜம் வரை உரிமம் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். உடன்படிக்கையில் இடம்பெறும் அளவுக்கு அந்தக் கல் ஒரு குடும்பத்தின் சோறு.

கொரோக் கல்லின் குணம்தான் கிங்ஙைட் சிற்பத்தின் குணத்தைத் தீர்மானித்தது. மாக்கல்லைவிட இது பல மடங்கு கடினம். மெல்லிய உறுப்பையும் தாங்கும், மெருகேற்றினால் கண்ணாடிபோல் மின்னும். ஒசுய்டொக்கின் காரிபூ நான்கு குச்சிக் கால்களில் முழு உடலையும் தூக்கி நிற்பதும், அதே ஊர்ச் சிற்பி பௌடா சைலாவின் வெள்ளைக் கரடி ஒற்றைக் காலில் ஆடுவதும் இந்தக் கல் இருந்ததால் முடிந்தது. மென்கல் கிடைத்த ஊர்களில் உருவங்கள் திரண்டு உருண்டு அடங்கி நிற்கும். ஊருக்கு ஊர் பாணி மாறுவதற்குக் கலைஞரின் மனம் பாதிக் காரணம், காலுக்குக் கீழே இருக்கும் பாறை மீதிக் காரணம்.

செதுக்கும் கை

செதுக்குவது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான். முதலில் கோடரி போன்ற கருவியால் பெரிய செதில்களைத் தட்டி எடுத்து உருவத்தைப் பிடிப்பார்கள். பிறகு அரம், சிறு அரம், கடைசியில் தண்ணீர் விட்டு உப்புத்தாள். முன்மாதிரியாக மண் பொம்மை செய்வதோ, தாளில் வரைந்து பார்ப்பதோ பொதுவாக இல்லை. கரடி எப்படித் தலையைத் திருப்பும், காரிபூ நீந்திக் கரையேறும்போது எந்தத் தசை இறுகும் என்பதெல்லாம் பல பருவம் துப்பாக்கியோடு காத்திருந்த கண்ணுக்குத் தெரியும். இந்தச் சிற்பத்தில் மரபு என்று ஒன்று உண்டென்றால் அது வேட்டைக்காரனின் பார்வைதான். கல்லும் சந்தையும் புதியவை, பார்வை பழையது.

மின்சாரம் வந்த பிறகு அறுக்கும் சக்கரமும் வந்தது. நாள்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிந்தது. கூடவே தூசி. முகமூடி இல்லாமல் செதுக்குபவரின் நுரையீரலில் கல்தூள் படிகிறது. அதனால்தான் பூச்சியத்துக்குக் கீழே 30 டிகிரிக் குளிரிலும் பலர் வெளியே நின்று செதுக்குகிறார்கள். ஒசுய்டொக் கடைசிவரை கோடரியையும் அரத்தையுமே விரும்பினார். 2005-இல் அவர் இறந்தார்.

அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதை உண்டு. 1957 குளிர்காலத்தில் இரண்டு சிகரெட் பெட்டிகளின் மேலிருந்த மாலுமித் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப வரைகிற ஆளுக்கு அலுப்பாக இருக்காதா என்று ஹூஸ்டனிடம் கேட்டார். அச்சு என்பதை விளக்கச் சொல் கிடைக்காத ஹூஸ்டன், ஒசுய்டொக் கோடு கீறியிருந்த வால்ரஸ் தந்தத்தில் மையைத் தடவி, மெல்லிய தாளை ஒற்றி எடுத்துக் காட்டினார். இதை நாமே செய்யலாமே என்றார் ஒசுய்டொக். கேப் டோர்செட்டின் புகழ்பெற்ற கல்லச்சு ஓவியம் இப்படித்தான் பிறந்தது. சிற்பத்துக்காக வந்த கல்லே பலகையாகி அச்சுக்கும் பயன்பட்டது.

எண் பொறித்த அடிப்பாகம்

செதுக்கி முடித்ததும் சிற்பத்தைக் கவிழ்த்து அடியில் கையெழுத்திடுவார்கள், இன்யூட் மொழியின் அசை எழுத்துகளில். 1950, 60களின் சிற்பங்களில் பெயரோடு ஓர் எண்ணும் இருக்கும். அது சிற்பத்தின் எண் இல்லை, மனிதரின் எண்.

இன்யூட் மக்களுக்குக் குடும்பப்பெயர் வைக்கும் வழக்கம் அப்போது இருக்கவில்லை. அரசு எழுத்தர்களுக்கு அது தொல்லையாக இருந்தது. 1941 முதல் ஆளுக்கொரு வட்டத் தகடு கொடுத்து எண் பொறித்தார்கள். கிழக்கு என்றால் ‘ஈ’, மேற்கு என்றால் ‘டபிள்யூ’. ஒசுய்டொக்கின் எண் ஈ7-1154. பௌடாவின் எண் ஈ7-990. 1960களின் இறுதியில் ஏப் ஒக்பிக் என்ற இன்யூட் தலைவர் ஊர் ஊராகப் போய்க் குடும்பப்பெயர்களைப் பதிவு செய்த பிறகே தகடுகள் ஒழிந்தன. ஏலக் கூடங்களின் பட்டியல்களில் மட்டும் அந்த எண்கள் இன்றும் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகின்றன. ஒரு காலத்தில் ஆளைக் கணக்கெடுத்த எண், இப்போது பொருளின் உண்மைக்குச் சான்று.

போலிகளும் சீக்கிரமே வந்தன. அச்சில் வார்த்த பிசின் கரடிகள் நினைவுப்பொருள் கடைகளில் குவிந்தன. 1958-இல் கனடா அரசு பனிவீடு படம் போட்ட வணிகச் சின்னத்தைப் பதிவு செய்து, அசல் சிற்பத்தோடு அட்டையாகக் கட்டி அனுப்பியது. 2017 முதல் அந்தச் சின்னம் இன்யூட் கலை அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது.

தெற்கே

1959-இல் கேப் டோர்செட்காரர்கள் மேற்கு பாஃபின் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். செதுக்கியவர் சிற்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் மேசையில் வைப்பார். வாங்கும் அலுவலர் திருப்பிப் பார்த்து விலை சொல்வார். கையில் உடனே காசு. அந்தக் காசு பெட்ரோலாக, தோட்டாவாக, பனிமோட்டாரின் உதிரிப் பாகமாக மாறி மீண்டும் வேட்டைக்கே போகும். நரித்தோல் விட்ட இடத்தைக் கல் நிரப்பியது. தன் பொருளை மொத்த வியாபாரம் செய்ய 1978-இல் டொரன்டோவிலேயே சங்கம் ஒரு கிளையைத் திறந்தது.

வெளியூரோடு சாலைத் தொடர்பு இல்லாத ஊர் அது. பெட்டியில் மெத்தென்று அடைக்கப்பட்ட சிற்பம் விமானத்தில்தான் ஏறும். எல்லை கடப்பதில் கல்லுக்கு ஒரு வசதி: தந்தத்துக்கும் திமிங்கில எலும்புக்கும் 1972-இல் அமெரிக்கா இயற்றிய கடல்பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டம் கதவடைத்தது, கல்லுக்குத் தடையில்லை. 1971 முதல் 1973 வரை இன்யூட் சிற்பத்தின் பெருங்கண்காட்சி ஒன்று வான்கூவரில் தொடங்கி பாரிஸ், கோபன்ஹேகன், லெனின்கிராட், மாஸ்கோ, லண்டன் எனச் சுற்றி வந்தது. பனிப்போர்க் காலத்தில் பலர் தாண்ட முடியாத எல்லையைக் கல்லாலான கரடி தாண்டியது.

கல் போன அதே வழியில் மனிதர்களும் போனார்கள், விருப்பமில்லாமல். காசநோய் பரவிய 1950களில் மருத்துவக் கப்பல் ஊர் ஊராக வந்து நெஞ்சைப் படமெடுக்கும். நோய் கண்டவர்களை அப்படியே தெற்கேயுள்ள மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோய்விடும். ஹாமில்டன் மருத்துவமனையில் படுக்கையில் கிடந்தபடியே நோயாளிகள் கல் செதுக்கினார்கள். சிறுமியாக மானிடோபா மருத்துவமனைகளில் வைக்கப்பட்டவர் ஒவிலு டுன்னிலி. ஊர் திரும்பியபோது தாய்மொழி மறந்திருந்தது. பின்னாளில் கிங்ஙைட்டின் தலைசிறந்த பெண் சிற்பிகளில் ஒருவரானார். சந்தை கரடியையும் ஈட்டிக்காரனையும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் தன் மருத்துவமனைக் காலத்தையும், அழும் பெண்ணையும், ஆடையற்ற பெண்ணுடலையும் கல்லில் கொண்டுவந்தார். இன்னொரு கிங்ஙைட் சிற்பி ஜமாசி பிட்சியோலாக் மோட்டார் சைக்கிளையும் கிதாரையும் கல்லில் செய்கிறார். இதுவும் இன்யூட் சிற்பமா என்று கேட்பவர்கள் உண்டு. பனிமோட்டாரில் போய் எடுத்து வந்த கல்லில் மோட்டார் சைக்கிள் வரக் கூடாதா?

கண்ணாடிக்குள்

பயணம் முடியும் இடங்களில் பெரியது வின்னிபெக். 2021-இல் அங்கே கௌமாயுக் என்ற இன்யூட் கலை மையம் திறக்கப்பட்டது. வின்னிபெக் கலைக்கூடத்தின் பாதுகாப்பில் இருக்கும் இன்யூட் படைப்புகள் 14,000-க்கு மேல். மையத்தின் நடுவே மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டகம். அருங்காட்சியகங்கள் நிலவறையில் பூட்டி வைக்கும் சேமிப்பை இங்கே ஆயிரக்கணக்கான சிற்பங்களாகத் தெருவிலிருந்தே பார்க்கலாம். 2018-இல் கிங்ஙைட்டிலும் கெனோஜுவாக் பண்பாட்டு மையம் திறந்தது. சொந்த ஊரில் ஓர் இடம் கிடைக்கக் கல்லுக்கு அறுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

விலையின் கதை இன்னும் நேராகவில்லை. கிங்ஙைட் கலைஞர் கெனோஜுவாக் அஷெவாக் 1960-இல் செய்த ‘மாயாஜால ஆந்தை’ அச்சோவியத்தின் ஒரு படி முதலில் 24 டாலருக்குப் போனது. பின்னர் மறுவிற்பனையில் 58,000 டாலரைத் தாண்டியது. ஏறிய தொகையில் வரைந்தவருக்குச் சட்டப்படி எதுவும் சேரவில்லை. மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு என்பதை பிரான்ஸ் 1920-லேயே சட்டமாக்கியது. கனடாவின் கலைஞர் அமைப்புகள் அதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தன. சிற்பத்துக்கும் இதே கணக்குதான். 2015-இல் இன்யூட் கலைகள் கனடாவின் பொருளாதாரத்துக்கு 8.7 கோடி டாலர் அளித்ததாக மத்திய அரசின் ஆய்வு சொல்கிறது. அதில் குளிரில் நின்று தூசி விழுங்கியவரின் கைக்கு வருவது முதல் விற்பனைக் காசு மட்டும்.

கல் போன தூரத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் விலை கூடியிருக்கிறது. கூடாதது செதுக்கியவரின் பங்கு. ‘பழங்குடி மரபு’ என்று பொதுப்படையாகப் புகழ்வது அந்தக் கணக்கை மறைக்கத்தான் உதவுகிறது. மரபுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை, மனிதருக்குக் கொடுக்க வேண்டும்.

டொரன்டோவில் தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். அங்கிருந்து ஊருக்குப் பரிசு வாங்குவோருக்கும், சுற்றுலா போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விமான நிலையக் கடையில் பளபளக்கும் கரடியைக் கண்டால் கையிலெடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் கையெழுத்து இருக்கிறதா, செதுக்கியவரின் பெயரும் ஊரும் அட்டையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.